செம்பா, இரும்பா?

"தட்டிப் பாருங்க மச்சான். பள்ளிக்கூட மணி மாதிரி கேக்குதா இல்லையா?" என்று வீட்டுக்காரர் இரும்புக் குழாயைத் தரையில் ஓங்கிக் குத்தினார். புது வீட்டின் கூடம் அதிர்ந்து அடங்கியது. மூலையில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்த பிளம்பர் மட்டும் அசையவில்லை.

"மணி அடிக்கவா மாப்ளே வீடு கட்டினீங்க? தண்ணி வரணும்" என்றார் மச்சான். இவர் வீட்டுக்காரம்மாவின் அண்ணன். ஒரு செம்புக் குழாய்த் துண்டைப் பச்சைப் பிள்ளையைப் போல் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தார். "இரும்பு துருப்பிடிக்கும். அப்புறம் குழாயைத் திறந்தா தண்ணி வராது, காப்பிதான் வரும்."

"வரட்டுமே. நீங்க வாரத்துக்கு எட்டு நாள் வர்றீங்க. தனியா காப்பி போடுற வேலை மிச்சம்."

ஊரிலிருந்த பைப் கடைகளையெல்லாம் இருவரும் சல்லடை போட்டுச் சலித்துவிட்டார்கள். இவர்கள் தலை தெருமுனையில் தெரிந்தாலே கடைக்காரர்கள் ஷட்டரை இறக்கிவிட்டு, உள்ளே மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களாம். ஒருவர் தேர்ந்தெடுத்ததை மற்றவர் வாங்கவிட்டதில்லை. இவர்கள் இப்படிக் கடை கடையாக ஏறி இறங்கிய காலத்தில், வீடு பாவம், இவர்களுக்காகக் காத்திருக்காமல் பூச்சு வேலை முடிந்து வெள்ளையும் அடித்துக்கொண்டுவிட்டது.

"மாசக் கடைசிக்குள்ள வாடகை வீட்டைக் காலி பண்ணியாகணும். சாமானெல்லாம் கட்டி வச்சாச்சு" என்றாள் வீட்டுக்காரம்மா. "பிளாஸ்டிக் பைப்பே போதும்னு நான் அன்னைக்கே சொன்னேன்."

இரண்டு ஆண்களும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். இத்தனை நாளில் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அந்தச் சிரிப்புதான்.

"தங்கச்சி, பிளாஸ்டிக்குல வர்ற தண்ணி வாளி நாத்தம் அடிக்கும். அதை மனுசன் குடிப்பானா?"

"விடுங்க மச்சான். அவளுக்குப் பைப்புன்னா செடிக்குத் தண்ணி ஊத்துறதுதான் தெரியும்."

இரும்பைப் புகழ்ந்து புகழ்ந்து வீட்டுக்காரரின் இரண்டு கையும் மசகில் கறுத்துவிட்டன. கையை ஆட்டிப் பேச முடியாவிட்டால் அவருக்குப் பேச்சே வராது. கீழ்க் குளியலறையில் மிச்ச ஓடுகளை அடுக்கியிருந்ததால் மாடிக்கு ஓடிக் கை கழுவிவிட்டு, பாதிப் படியிலேயே மறுபடி வாதத்தைத் தொடங்கியபடி இறங்கி வந்தார். ஈரக்கையை மச்சானின் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"அது செம்பைப் பொதிஞ்சு வச்சிருக்கிற துண்டு மாப்ளே."

"தெரியும். அதனாலதான் தொடச்சேன்."

மச்சானுக்குக் கோபத்தில் தொண்டை வறண்டது. வீட்டுக்காரம்மா சமையலறையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரே மடக்கில் குடித்துவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"தண்ணின்னா இது தண்ணி. இந்த ருசி பிளாஸ்டிக்குல வருமா? செம்புல வந்தாத்தான் இது கெடாம இருக்கும்."

"இரும்புல வந்தா இன்னும் ஒருபடி ஏறும்" என்றார் வீட்டுக்காரர்.

"இன்னும் கொஞ்சம் கொண்டு வரட்டுமாண்ணே?" என்று மட்டும் கேட்டாள் அவள்.

கடைசியில் ஒரு வழியாக உடன்பாடு பிறந்தது. கீழ்வீட்டுக்குச் செம்பு, மாடிக்கு இரும்பு. இரண்டு ராஜ்ஜியங்கள் சண்டையை நிறுத்தி எல்லை பிரித்துக்கொண்டதுபோல் இருவரும் கை குலுக்கினார்கள். வீட்டுக்காரர் அந்த வேகத்தில் ஒரு கரித்துண்டை எடுத்து, பால் போலிருந்த சுவரில் கூரைவரை ஒரு கறுப்புக் கோடு இழுத்தார்.

"என்னங்க, வெள்ளை அடிச்ச ஈரம்கூடக் காயலங்க" என்றாள் அவள்.

"சுவத்தை உடைக்காம பைப்பு எப்படிடி உள்ள போகும்? இதையெல்லாம் யோசிச்சுப் பேசணும்." அவர் மூலைப் பக்கம் திரும்பினார். "இவனைப் பாருங்க மச்சான். வந்ததுலேருந்து பையைக் கட்டி மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். வேலை செய்யணும்ங்கிற நெனப்பே கிடையாது."

"இந்தக் காலத்துப் பசங்களே அப்படித்தான் மாப்ளே."

"எழுந்திருப்பா. உளியை எடு. இந்தக் கோட்டு மேலயே வெட்டு."

பிளம்பர் எழுந்தார். சாக்கை உதறி மடித்தார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்காரம்மாவைப் பார்த்தார்.

"அப்ப நான் கிளம்பறேம்மா."

"கிளம்புறியா?" வீட்டுக்காரருக்கு மீசை துடித்தது. "பைப்பு போடாம நீ எங்கப்பா கிளம்புற?"

வீட்டுக்காரம்மா அண்ணன் கையிலிருந்த காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள். சுவரிலிருந்த கரிக்கோட்டை அடியிலிருந்து நுனிவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு நிதானமாகக் கேட்டாள்.

"மாடியில கை கழுவுனீங்களே, அந்தத் தண்ணி என்ன, படியேறியா வந்துச்சு?"