கேட்டை நட்சத்திரக்காரி

குற்றாலத்து லாட்ஜ் அறையில், செண்பகவல்லியின் ஈரத் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து மாமியார் சுவரில் மோதுகிறாள். அருவிப் பாசியில் வழுக்கி மாமியாரின் மூத்த மகனுக்குக் கால் முறிந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஜன்னல் வழியே சாரல் தெறிக்கிறது. "கேட்டைக்காரி புருசனோட அண்ணனுக்கு ஆவாதுன்னு அன்னைக்கே சொன்னேம்லா! எம்புள்ள கால முறிச்சிட்டியேட்டி!" "அத்த, அந்த நட்சத்திரம் குறுக்கால அளந்தா சூரியனப் போல எழுநூறு மடங்கு. வெளிச்சம் இங்கன வந்துசேரவே ஐந்நூறு வருசத்துக்கு மேல ஆவும். அதுக்கு உங்க மவன் காலுதான் கெடச்சுதா?" "டீச்சரு பாடம் நடத்துதா!" கன்னத்தில் அறை விழுகிறது. உதட்டிலிருந்து ரத்தம் வெதுவெதுப்பாக நாக்கில் இறங்குகிறது. நாலு எட்டு தள்ளி, துண்டைப் பிழிந்தபடி அவள் கணவன் இசக்கிராஜா நிற்கிறான். அவன் வந்து தடுப்பான் என்று இன்னொரு அறையையும் வாங்கிக்கொள்கிறாள். பிறகு மாமியாரின் மணிக்கட்டைப் பிடித்து முறுக்குகிறாள். கண்ணாடி வளையல்கள் நொறுங்குகின்றன. "ஏட்டி, எங்கம்மா கைய விடு!" இப்போது அவன் பாய்ந்து வருகிறான்.