கதவுக்கு அப்பால் இருமல்

மறுபடியும் இருமினான்.

அவள் படுக்கையறைக் கதவில் காதை வைத்தாள். நெஞ்சில் சளி கட்டிய இருமல்.

மகன் கபிலனுக்குக் காய்ச்சல் என்று நேற்றுப் பள்ளியிலிருந்து கூப்பிட்டுச் சொன்னார்கள். அவனை அழைத்துவரப் போகும் முன்பே கணவன் அவளை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டான்.

போன ஆடியிலும் இப்படித்தான். மகனுக்கு மூன்று நாள் சளி. அது தொற்றி அவளுக்கு ஒரு வாரம். சளி போனது. ஒன்பதாம் நாள் விரல்கள் வீங்கின. பிறகு மணிக்கட்டு, முழங்கால். இரண்டு வருடமாக அடங்கிக் கிடந்த முடக்குவாதம்.

கிருமியை விரட்டக் கிளம்பிய உடம்பு, அது போன பிறகும் அடங்காமல் தன் மூட்டுகளையே தாக்குகிறது என்றார் டாக்டர். காய்ச்சல் வந்தால், அது விடும்வரை மூட்டுக்கு வாராவாரம் போடும் மாத்திரையும் கூடாது என்றார்.

நான்கு மாதம். தலை வாரிவிட்டது கணவன். சோறு பிசைந்து ஊட்டியதும் அவன்தான். ஒருநாள் குளியலறைத் தாழ்ப்பாளை நீக்க முடியாமல் உள்ளேயே நின்று அழுதாள்.

"மருந்து தீந்துருச்சு. வாங்கிட்டு வந்தர்றேன். பத்தே நிமிசம். நீ வெளிய வந்துறாத."

கணவனின் குரல். வாசல் கதவு சாத்தப்பட்டது.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

பிறகு சின்னக் கால்கள் ஓடின. குழந்தை வாந்தியெடுக்கும் சத்தம்.

அவள் காத்திருந்தாள். கணவன் வரவில்லை.

இன்னொரு முறை.

முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

கூடத்தின் நடுவில் கபிலன் நின்றிருந்தான். சட்டையெல்லாம் திரிந்த பால். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. ஓர் அடி எடுத்து வைத்தான்.

நின்றுவிட்டான்.

இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டான். பின்னோக்கி நகர்ந்தான், சுவரில் முதுகு முட்டும்வரை.

"கிட்ட வராதம்மா," என்றான், விரல்களுக்கு உள்ளிருந்து. "என்னாலதான் உன்ற கை வீங்குமாம். அப்பா சொன்னாங்க."

இருமல் வந்தது. விடவில்லை. தோள்கள் குலுங்கின. கண்ணில் நீர் முட்டியது. ஐந்து வயதுக் கைகள் இன்னும் இறுகின.

அவள் கூடத்தைக் கடந்தாள்.

அவன் எதிரே மண்டியிட்டாள். அந்தக் கைகளை, முதலில் ஒன்றை, பிறகு மற்றொன்றை, வாயிலிருந்து எடுத்துவிட்டாள்.

"இருமு சாமி," என்றாள்.