கடைசி வரிசையிலிருந்து ஒரு கேள்வி

"அந்தம்மா மைக்கை ஆஃப் பண்ணச் சொல்லட்டுமா சார்?" செயலாளர் தலைவரின் காதைக் கடித்தார்.

"ஐயையோ, வேண்டாம்யா! அப்புறம் நான் நிம்மதியா இருக்க முடியாது" என்றார் மெத்தைக் கம்பெனித் தலைவர்.

பங்குதாரர்களின் ஆண்டுக் கூட்டம். கடைசி வரிசையில் எழுந்து நின்ற அந்தம்மா தொண்டையைச் செருமிக்கொண்டார். "தலைவர் அவர்களே, நம்ம கம்பெனியை வேற ஒரு பெரிய கம்பெனி வாங்கப் போகுதா, இல்லையா?"

"அது... நிர்வாக ரகசியங்க."

"ரகசியமா? அப்ப உங்க டைரக்டர் ஒருத்தரோட மச்சான் மட்டும் ஏன் வாசல்ல நின்னு வர்றவங்க போறவங்க பங்கையெல்லாம் விலை பேசறார்? திடீர்னு மெத்தை மேல அப்படி என்ன பாசம்?"

அரங்கம் குபீரென்று சிரித்தது. மேடையில் ஒரு டைரக்டர் மட்டும் தண்ணீர் டம்ளருக்குள் முகத்தை ஒளித்துக்கொள்ளப் பார்த்தார்.

பக்கத்து இருக்கைத் தையல்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அடக் கடவுளே! கூட்டம் முடிஞ்சதும் அவருக்குத்தான் விக்கறதா இருந்தேன். பொண்ணு படிப்புக்குன்னு வாங்கி வச்சதும்மா!"

"கேட்டீங்களா? மச்சானுக்குத் தெரிஞ்சது இவருக்கும் தெரியணுமா, வேண்டாமா?"

"தெரியணும்! தெரியணும்!" நாற்காலிக் கைப்பிடிகள் மேளமாயின.

தலைவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "உண்மைதான், பேச்சு நடக்குது. இன்னிக்கு இருக்கற விலையைப் போல ஒன்றரை மடங்கு தரேங்கறாங்க. பங்குச் சந்தைக்கும் இப்பவே அறிவிச்சிடறோம். யாரும் அவசரப்பட்டு வித்துடாதீங்க. மச்சான் கதையை நான் விசாரிக்கறேன்."

விசில் பறந்தது. தையல்காரர் முன்பின் தெரியாதவர்களையெல்லாம் கட்டிப்பிடித்தார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் நாற்காலி மேலேறி ஒரு சுற்று ஆடியே விட்டார். வாசலில் நின்ற மச்சான் போன திசை தெரியவில்லை.

கூட்டம் கலைந்ததும் தலைவர் மூச்சிரைக்க ஓடிவந்து, கார் நிறுத்துமிடத்தில் அந்தம்மாவைப் பிடித்தார்.

"ஏன்டி, இதை வீட்லயே என்கிட்ட கேட்டிருக்கக் கூடாதா?"

"வீட்ல கேட்டா எனக்கு மட்டும்தானே தெரியும்!"