மன்னிப்பு வாங்க வந்தவள்

குலுக்கிய கையைக் கோட்டில் அழுத்தித் துடைத்துக்கொண்டாள் எல்ஸ்பெத். கிழவர் அதைப் பார்த்துவிட்டார். பார்க்கட்டும் என்றுதான் துடைத்தாள்.

"உக்காரும்மா. கப்பல்ல வந்த களைப்பு இருக்கும், டீ போடறேன்" என்றார் ஹெக்டர். எழுபத்தைந்து வயதிருக்கும். பண்ணையில் தனியாளாக இருக்கிறார். மக்ஃபேடியன் பண்ணை எது என்று படகுத்துறையில் கேட்டதற்கு, "நம்ம ஹெக்டர் வீடுதான்" என்று கைகாட்டி அனுப்பியிருந்தார்கள்.

"இந்த வீட்டுல பச்சத் தண்ணி என் வாயில படாது." நின்றபடியே கைப்பையைத் திறந்தாள்.

கிளாஸ்கோ ஆவணக் காப்பகத்தில் மாதக்கணக்காகத் தூசி தின்று சேர்த்த காகிதங்கள் உள்ளே இருந்தன. தாத்தா வில்லியின் பிள்ளைப் பருவம் அவற்றில்தான் கிடைத்தது. அம்மாவுக்கோ மருத்துவர்கள் கையை விரித்துவிட்டார்கள். "அந்த வீட்டு ஆளு ஒருத்தராவது தப்புன்னு சொல்லி நான் காதால கேக்கணும்டி. அப்புறம் நிம்மதியாப் போயிடுவேன்" என்று படுக்கையில் புலம்பிக்கொண்டிருக்கிறாள்.

"இது ஏழைங்க நிவாரணப் பதிவு. தாய் காசநோயில போயிட்டா. அப்பன் எங்க போனான்னே தெரியல. ஏழு வயசுப் பையனை இந்தத் தீவுக்கு ஏத்தி அனுப்பிட்டாங்க, டங்கன் மக்ஃபேடியன்கிற புண்ணியவான் வளக்கறதுக்கு. சும்மா இல்ல, காசுக்கு!"

"ஆமாம்மா. அப்போ இங்க நெறைய வீட்டுல அப்படித்தான்."

"இது 1921 சென்சஸ்." அடுத்த காகிதத்தை மேசைமேல் அறைந்தாள். "டங்கன். அவன் பொண்டாட்டி கிர்ஸ்டி. அப்புறம் கிளாஸ்கோவுலேர்ந்து வந்த பையனுங்க. ஒண்ணு பத்தாதுன்னு ரெண்டு! மாடு மேய்க்கவும் ஆள் வேணும், அந்த ஆளுக்குக் காசும் ஊரே குடுக்கணும். நல்ல பொழப்பு!"

வில்லியின் பெயருக்குக் கீழே சிவப்பு மையால் கோடு போட்டிருந்தாள். அந்த ஒரு வரியைத் தவிர மற்றதெல்லாம் அவளுக்குக் குப்பை. ஹெக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை. என்னமாய் நடிக்கிறான் மனுஷன் என்று நினைத்தாள்.

"பையன் எப்படி இருக்கான்னு பாக்க வந்த நிவாரண இன்ஸ்பெக்டர் எழுதி வெச்ச அழகைப் பாருங்க. ‘பையன் ஆரோக்கியமாக இருக்கிறான். நல்ல பூட்ஸ் அணிந்திருக்கிறான்.’ அந்த பூட்ஸ் இன்ஸ்பெக்டர் வர்ற அன்னிக்கு மட்டுந்தான் கால்ல ஏறும். மத்த நாளெல்லாம் வெறுங்கால். ராத்திரி மாட்டோட மாடா கொட்டில்ல படுக்கை. குளிர் தாங்காம, மாடு போட்ட சூட்டுச் சாணியில காலைப் புதைச்சுக்குவாராம் எங்க தாத்தா. சாகற வரைக்கும் கால் நாறுது, நாறுதுன்னு கழுவிக்கிட்டே இருந்தாரு."

சொல்லச் சொல்ல அந்த நாற்றம் அவள் மூக்கிலேயே ஏறிவிட்டது. கிழவரின் துவைத்த சட்டை, பளபளக்கும் கெண்டி, தட்டில் அடுக்கிய ஓட்ஸ் ரொட்டி எல்லாமே அருவருப்பாக இருந்தன. இந்தச் சுத்தமெல்லாம் யார் வயிற்றில் அடித்து வந்தது?

"எங்க அந்தக் கொட்டில்? ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

"இப்ப இல்லம்மா. வீடு கைக்கு வந்த மறுநாளே எங்கப்பா இடிச்சுத் தள்ளிட்டாரு. கல்லையெல்லாம் வண்டியில ஏத்திக் கடல்ல கொட்டினாராம்."

"பின்னே? சாட்சி இருக்கக் கூடாதுல்ல! கெட்டிக்காரக் குடும்பம்தான்."

கிழவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் எல்ஸ்பெத் கைபேசியை அவர் முகத்துக்கு நேரே நீட்டிவிட்டாள்.

"எங்கம்மா, வில்லியோட பொண்ணு, பொழைக்க மாட்டாங்க. அவங்க கேக்கணும். இதுல சொல்லுங்க."

ஹெக்டர் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, தேவாலயத்தில் நிற்பதுபோல் நிமிர்ந்து நின்றார். "அம்மா, உங்கப்பாவுக்கு இங்க நடந்தது அநியாயம். மனுஷன் செய்யற காரியமே இல்ல. இந்த வீட்டுல இன்னைக்கு இருக்கறவன் நான் ஒருத்தன்தான், அதனால நான் சொல்றேன். மன்னிச்சுக்கங்க. நிம்மதியா இருங்க."

வந்த காரியம் முடிந்துவிட்டது. ஆனாலும் எல்ஸ்பெத்துக்கு மனம் ஆறவில்லை. இவ்வளவு லேசில் மன்னிப்புக் கேட்கிறவன் எதைத்தான் லேசில் செய்யமாட்டான் என்று எரிச்சலாக வந்தது. காகிதங்களை அள்ளிப் பையில் திணித்துக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லுங்க. எங்க தாத்தா சாணியில காலைப் புதைச்சுக்கிட்டு நடுங்கிக் கெடந்தாரே, அப்ப உங்கப்பா எங்க படுத்திருந்தாரு? மெத்தையிலயா?"

ஹெக்டர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கோபம் ஏதும் அவர் முகத்தில் இல்லை.

"அதே கொட்டில்லதாம்மா. டங்கனுக்குப் புள்ளை இல்லாததால பின்னால வீடு அவர் கைக்கு வந்தது. சென்சஸ்ல இருக்கற அந்த ரெண்டாவது பையன் எங்கப்பா."