நீலக்கட்டம்

கொடைக்கானலில் ஒரு விடுதியில் அறைகளைக் கூட்டித் துடைக்கும் இருதயமேரி, அங்கேயே பின்பக்க அறையில் தனியாகத் தங்கியிருந்தாள். வந்தவர்கள் மறந்துவிட்டுப் போகும் துணிகளைத் துவைத்து எடுத்துவைப்பாள். வருஷம் திரும்பியும் யாரும் கேட்டு வராவிட்டால், வெட்டித் தன் ஒட்டுப் போர்வையோடு சேர்த்துத் தைத்துவிடுவாள். புதுப்பெண் ஒருத்தியின் துப்பட்டா, ஒரு குழந்தையின் மஞ்சள் கவுன், யாரோ ஒருவரின் லுங்கி. குளிருக்கு அவள் போர்த்திக்கொண்டது அவர்களைத்தான்.

ஒரு மத்தியானம் பரிமளா என்றொரு பெண் வந்தாள். "நீலக்கட்டம் போட்ட சட்டைங்க. எங்க வீட்டுக்காரர் முன்ன வந்தப்ப இங்க விட்டுட்டாரு. அப்ப பெருசா நெனைக்கல. இப்ப அவரு இல்ல."

இருதயமேரி போர்வையைக் கொண்டுவந்து தரையில் விரித்தாள். நடுவில் இருந்தது அந்த நீலக்கட்டம், சட்டைப்பையோடு. பரிமளா பைக்குள் விரல்களை விட்டபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

"வெட்டி எடுத்துக்கங்கம்மா" என்று கத்தரிக்கோலை நீட்டினாள் இருதயமேரி.

"உங்களுக்குக் குளிருமேக்கா?"

"பழகிப்போச்சும்மா."

பரிமளா தையலைப் பிரித்து அந்தத் துணியை எடுத்துக்கொண்டாள். பிறகு தன் சேலை முந்தானையில் அதே அளவுக்கு வெட்டி, "இதை வெச்சுத் தச்சுக்கங்கக்கா" என்று கையில் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

இருதயமேரி ஊசியில் நூல் கோத்தாள். ஆனால் தைக்கவில்லை. இதுவரை அவளிடம் வந்ததெல்லாம் மறந்துவிட்டுப் போனவை. கொடுத்துவிட்டுப் போனது இது ஒன்றுதான். உடம்புச் சூடு இன்னும் ஆறாத அந்தத் துணியை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். போர்வையின் நடுவே தரை தெரிந்தது.