நல்ல வளர்ப்பு

இரண்டு சட்டையையும் துவாயையும் பைக்குள் திணித்துவிட்டு அனுஜா ஜன்னலால் கேற்றடியைப் பார்த்தாள். அவன் இன்னும் வரவில்லை. பொழுது சாய்ந்தால்தான் வருவான்.

"எங்கை வெளிக்கிடுறாய்?" அறை வாசலில் பெரியம்மா தேவகுமாரி நின்றாள்.

சிநேகிதி நிவேதனா வீட்டில் தங்கிப் படிக்கப்போவதாக அனுஜா சொன்னாள். பெரியம்மா பையைப் பார்த்தாள், பிறகு அனுஜாவின் முகத்தைப் பார்த்தாள். நம்பவில்லை என்பது நன்றாகவே தெரிந்தது.

காரணம் பக்கத்து வீட்டுச் சிசிலியா. தேவகுமாரி ஜெபக்கூட்டத்துக்குப் போகும் நாட்களில் பொழுதுபட்ட பிறகு ஒரு பெடியன் கேற்றுக்கு வெளியே நிற்கிறான், அனுஜா உள்ளே நிற்கிறாள், கதை முடிகிறபாடில்லை என்று மதிலுக்கு மேலால் செய்தி வாசித்துவிட்டாள். பண்டத்தரிப்பில் இந்த மாதிரிச் செய்திக்கு ரீவி தேவையில்லை.

பெரியம்மாவைக் கேட்டால், எல்லாம் அந்தப் புத்தகங்களால் வந்த கேடு என்பாள்.

மொத்தம் ஏழு புத்தகங்கள், ஒரே கதையின் ஏழு பாகங்கள். லண்டனில் வேலைசெய்த அம்மா ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒன்றாக அனுப்பியவை. ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் 'என்ரை அனுக்குட்டிக்கு' என்று அவளுடைய கையெழுத்து இருந்தது. போன வருஷம் அம்மா அங்கேயே நோயில் இறந்துபோனாள். அம்மா என்று அனுஜாவுக்கு மிச்சம் இருந்தது அந்தப் புத்தகங்கள்தான்.

கதாநாயகன் இரத்தம் குடிப்பவன். முந்நூறு வயதிலும் பதினேழு வயது முகம். ஆனால் அனுஜாவும் அவளுடைய வகுப்பில் பாதிப்பேரும் அவன்மேல் உயிரை விட்டது இரத்தத்துக்காக இல்லை, மரியாதைக்காக. டியூசன் வாசலில் மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு வழிமறிக்கும் பெடியங்களைப் பார்த்துச் சலித்த பிள்ளைகளுக்கு, கேளாமல் கையைத் தொடாத, வீட்டுக்காரர் வாயால் கூப்பிடாமல் உள்ளே கால் வைக்காத ஒருவனைப் பிடிக்காமல் என்ன செய்யும்?

தேவகுமாரிக்கு அட்டைப் படமே போதுமாக இருந்தது. மிஷன் பள்ளிக்கூடத்தில் பைபிள் படிப்பித்தவளின் வீட்டில் சாத்தானின் புத்தகமா என்று, அனுஜா பள்ளிக்கூடம் போயிருந்த நேரம் எல்லாவற்றையும் வாழையடியில் போட்டு எரித்தாள். ஒரு கையெழுத்தாவது தப்பியிருக்குமா என்று அனுஜா சாம்பலைக் கிண்டியபோது, பின்னால் வந்து நின்றாள்.

"இது என்ரை வீடு. உள்ளுக்கை என்ன வரலாம், என்ன வரக்கூடாது எண்டு நான்தான் சொல்லுவன்."

அன்றைக்கு அனுஜா அழவில்லை. உன்னைச் சும்மா விடமாட்டேன் என்று மனதுக்குள் சொன்னாள். பிறகு தினமும் படுக்கும்போது, மற்றவர்கள் ஜெபம் சொல்வதுபோல அதையே சொன்னாள்.

"ஓடிப்போகப் போறியோ?" பெரியம்மா இப்போது நேராகவே கேட்டாள்.

"ஓடுறதெண்டால் உங்களுக்கு முன்னாலையே பை அடுக்குவன்? அவர் உங்களோடை கதைக்கவேணுமாம். இண்டைக்கு வாறார்."

பெயர் நதானியேல் என்றதும் பெரியம்மாவின் குரல் ஒரு படி இறங்கியது. பழைய குடும்பமாம், அமெரிக்கப் பாதிரிமார் இந்த ஊருக்கு வந்திறங்கிய கதையைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் மாதிரிச் சொல்வாராம் என்றதும் இன்னும் இறங்கியது. இருந்தாலும் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது.

"அப்ப ஏன் உவன் கள்ளன் மாதிரி வெளியிலை நிக்கிறவன்?"

"நான் எத்தினையோ தரம் கூப்பிட்டனான். நான் கூப்பிட்டுச் சரிவராதாம். வீட்டுக்காரர் கூப்பிடவேணுமாம்."

தேவகுமாரி உருகியே போனாள். இந்தக் காலத்தில், பெரியவர்கள் இல்லாத வீட்டில் காலடி வைக்காத ஒரு பெடியன். நல்ல வளர்ப்பு என்று வாய்விட்டே சொன்னாள். அந்த வாயிலிருந்து அனுஜாவுக்கு ஒருநாளும் அப்படி ஒரு சொல் வந்ததில்லை.

பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. சேலையை மாற்றினாள், கேக்கை வெட்டி அடுக்கினாள், நத்தாருக்கு மட்டும் வெளியே வரும் கோப்பைகளை எடுத்துத் துடைத்தாள்.

வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. தபால்காரரைக்கூட விட்டுவைக்காத ஜிம்மி, குரைக்காமல் வாலைச் சுருட்டிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தது. கேற்றுக்கு வெளியே வெள்ளைச் சேட்டோடு நதானியேல் நின்றான்.

அனுஜா பையைத் தோளில் போட்டாள். என்ன இருந்தாலும் அம்மாவின் அக்கா, இத்தனை வருஷம் சோறு போட்டவள். ஒரு சொல் சொன்னால் போதும், எல்லாம் நின்றுவிடும்.

"பெரியம்மா, எரிக்கமுந்தி அதிலை ஒரு பக்கமாவது வாசிச்சனீங்களோ?"

"அந்தக் குப்பையையோ?" பெரியம்மா கண்ணாடியில் சேலை மடிப்பைச் சரிபார்த்துக்கொண்டு சொன்னாள். "உன்ரை கொம்மாவுக்கும் அறிவில்லை, உனக்கும் இல்லை. திரும்ப வந்தாலும் எரிப்பன்."

அனுஜா சரி என்று தலையாட்டினாள். சொல்ல நினைத்ததை விழுங்கிக்கொண்டு முற்றத்தில் இறங்கினாள். கேற்றைத் திறந்து, அகலத் திறந்தபடியே விட்டுவிட்டு, அவனைத் தாண்டி ஒழுங்கையில் நடந்தாள்.

அவன் அசையவில்லை. பின்னால் பெரியம்மாவின் செருப்புச் சத்தம் கேற்றடிக்கு வந்தது. அனுஜா ஒருநாளும் கேட்டிராத கனிவோடு அந்தக் குரல் கேட்டது.

"ஏன் தம்பி வெளியிலை நிக்கிறீர்? உள்ளுக்கை வாரும்."