பிள்ளையார் சொன்ன பதில்

"இது யாரு ஓட்டறது?"

போனை மூக்கு வரைக்கும் கொண்டுபோய்ப் பார்த்தாள் ஞானம்மாள். மாப்பிள்ளை அசோக்குமாரின் அம்மா. மகனுக்கு லீவு கிடைக்கவில்லை என்று, பெண் பார்க்க ஆர்.கே.பேட்டையிலிருந்து திருத்தணிக்குத் தனியாகவே பஸ் ஏறி வந்துவிட்டாள்.

"நான்தாங்க அத்தை," என்றாள் மோனிகா.

பாஞ்சாலிக்குப் பகீரென்றது. மகளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள், வெளிநாட்டில் ஓட்டல் வேலை என்று மட்டும் சொல்லுடி என்று. கேட்டால்தானே!

வீடியோவில் வெள்ளை வெளேரென்று ஒரு சொகுசுப் படகு. சுற்றிலும் நீலக்கடல், தீவுகள். முக்கால் பேண்ட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக மோனிகா சுக்கானைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"கிரீஸ் நாட்டுலங்க அத்தை. பணக்காரங்க வாடகைக்கு எடுப்பாங்க. பகல்ல தீவு தீவா சுத்திட்டு சாயந்திரம் மரீனாவுல கட்டிடுவோம். நம்ம பஸ் ஸ்டாண்டு மாதிரி, படகுங்களுக்கு. கை வைக்க எடமில்லாத சந்துல இவ்ளோ பெரிய படகைப் பின்பக்கமா கொண்டாந்து நிறுத்தணும். வர்ற ஏப்ரல்லேருந்து நான்தான் கேப்டன்!"

"நம்மூர்ல ஏரியே காஞ்சி கெடக்குது, நீ கடல்ல போயி..." ஞானம்மாள் முடிக்கவில்லை. வீடியோவை மறுபடி போடச் சொன்னாள். அப்புறம் இன்னொரு தரம். காபி ஆறிப்போனது.

ஒழிந்தது சம்பந்தம் என்று நினைத்தாள் பாஞ்சாலி. இருபத்தெட்டு வயசுப் பெண்! அசோக்குமார் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கல்யாணத்துக்கப்புறம் வெளிநாட்டு வேலை கூடாது. போன வாரம் போனிலேயே, "ஆங், விட்டுடுவா தம்பி" என்று வாக்குக் கொடுத்திருந்தாள். மோனிகாவுக்கு அது தெரியாது. முதலில் தாலி ஏறட்டும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஞானம்மாள் எழுந்தாள். "மலைக்குப் போயி பூ கட்டிப் பாத்துடலாம். சாமி இன்னா சொல்லுதோ அதான்."

மலைமேல் பிள்ளையார் சன்னதி. ஒரு ஓரமாக உட்கார்ந்து, வாழையிலைத் துண்டுகளில் ஞானம்மாளே இரண்டு பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் வைத்தாள். ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு என்றாள். வெள்ளை வந்தால் கல்யாணம், சிவப்பு வந்தால் வேண்டாம். மோனிகா பஞ்சாமிர்தம் வாங்க வரிசையில் நின்றிருந்தாள்.

"நீங்களே எடுங்க," என்றாள் ஞானம்மாள்.

பிள்ளையாரப்பா, பிள்ளையாரப்பா என்று பாஞ்சாலி கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தாள். செவ்வரளி.

"சாமியே வேணாம்னுட்டாரு. நாம இன்னா பண்றது?" கன்னத்தில் போட்டுக்கொண்டு ஞானம்மாள் படி இறங்கத் தொடங்கினாள். முகத்தில் துளி வருத்தம் இல்லை.

பாஞ்சாலிக்கு அழுகை முட்டியது. கைதப்பிப் போன வெள்ளைப் பூவையாவது பார்ப்போம் என்று மற்ற பொட்டலத்தைப் பிரித்தாள்.

அதிலும் செவ்வரளி!

ஓடினாள். பத்தாவது படியில் மறித்தாள். "ஏம்மா, உங்களுக்கே நல்லாருக்குதா? புடிக்கலைன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போறது. சாமி முன்னாடி இந்த ஏமாத்து வேலையா? என் பொண்ணு பேண்ட்டு போட்டது அவ்ளோ பெரிய குத்தமா?"

ஞானம்மாள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அந்தச் சிரிச்ச மூஞ்சியப் பாத்து என் கண்ணே பட்டுடுமோன்னு பயந்துட்டேன்மா. வேலைய விட்டுடுவான்னு என் புள்ளகிட்ட வாக்கு குடுத்தீங்களாமே. அவளுக்குத் தெரியுமா?"

பாஞ்சாலி கையிலிருந்த பொட்டலங்களை மறுபடி மடிக்கத் தொடங்கினாள்.

"ஏப்ரல்ல நான்தான் கேப்டன்னு அது எங்கிட்டயே சொல்லிகினு இருக்குது. எனக்கு அப்பவே புரிஞ்சிபோச்சி. என் புள்ள நல்லவன்தான். ஆனா சொன்னா சொன்னதுதான், அவங்க அப்பா மாதிரி. அவருக்கோசரம் நர்ஸு வேலைய விட்டவ நான். இன்னிக்கும் ஆஸ்பத்திரி வாசல்ல கால் வெச்சா நெஞ்சு அடைச்சிக்கும். நான் வேணாம்னா புள்ள கேக்க மாட்டான். சாமி வேணாம்னா கேப்பான். அந்தப் பாவம் என்னோட போவட்டும்."

பஞ்சாமிர்தத் தொன்னையோடு மோனிகா இறங்கி வந்தாள். "இன்னாம்மா வந்துது, வெள்ளையா, சிவப்பா?"

இரண்டு பொட்டலப் பூவையும் முந்தானையில் முடிந்துகொண்டாள் பாஞ்சாலி.

"சிவப்புதான். உன்னைப் போயி கப்பல ஓட்டச் சொல்லுதுடி சாமி!"